பதியாத பத்து விரல்

என் கையைப் பற்றி எனக்கு எப்போதுமே பெருமை உண்டு. அழகான கை என்று சொல்ல வரவில்லை. அழகுக்கு என் தங்கை இருக்கிறாள். என்னுடையது வேலை செய்கிற கை. நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் இருநூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சி, அந்த அண்டாவை அன்றைக்கே தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற கேட்டி ஊரில் எங்களுக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பங்களில், தாஜ் நிஷா வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்துத் தலை வாரலாம் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட கையைப் பார்த்து ஒரு மிஷின் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் கோபம் வராதா? எனக்கு வந்தது.

ஐம்பத்து நாலு வயதில் எனக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. கூத்தாநல்லூரிலிருந்து இங்கே வந்தது இரண்டாயிரத்தில். என் கணவர் இனாயத்துல்லாவுக்கு எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. அவர் விசாவை ஒட்டிக்கொண்டு வந்த எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. கிரீன் கார்டு வர பத்து வருஷம் ஆனது. அதற்குள் பிள்ளைகள் ஸ்கூல், நீச்சல், டியூஷன் என்று நான் முழுநேர டிரைவர் ஆகிவிட்டேன். வேலைக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சே எழாமல் இன்னொரு பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. மகள் அஸ்ஃபியா வேலை கிடைத்து ரவுண்ட் ராக் என்ற ஊருக்குப் போனாள், மகன் ஷாரிக் காலேஜுக்குப் போனான். வீட்டில் நானும் என் பாத்திரங்களும் மிஞ்சினோம்.

அப்போதுதான் பெக்கான் லேன் டேகேரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரிடமும் சொல்லாமல் ஆன்லைனில் பயிற்சி முடித்தேன், பரீட்சை எழுதினேன். டோனா என்ற அமெரிக்கப் பெண்மணிதான் அங்கே டைரக்டர். ஒரு மணி நேரம் குழந்தைகளோடு இருந்து காட்டச் சொன்னாள். அழுதுகொண்டிருந்த மூன்று பேரைத் தட்டித் தூங்கவைத்தேன். இரண்டு வயதுக் குழந்தைகள் அறையில் உனக்கு இடம் என்று கையைக் குலுக்கினாள். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி சேர வேண்டும். வீட்டில் சொன்னபோது இவர் சிரித்துக்கொண்டே, நாளைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் பார்க்கத்தானே போகிறாய், அதற்குள் ஊரார் பிள்ளைகளை வைத்து ஒத்திகையா என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை.

குழந்தைகளோடு வேலை செய்கிறவர்கள் கைரேகை கொடுத்தே ஆகவேண்டும் என்பது இந்த மாநிலத்துச் சட்டம். அதற்கென்று இருக்கிற சென்டருக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணாடிப் பலகையில் வைத்து அழுத்தினாள். துடைத்தாள், மறுபடி அழுத்தினாள், திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எட்டிப் பார்த்தேன். சுழி சுழியாக வரவேண்டிய இடத்தில், அங்கங்கே விட்டுப்போன கோடுகளும் வெள்ளைத் திட்டுகளும்தான் இருந்தன. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சிட்டிசன்ஷிப்புக்கு இதே பத்து விரலும் பிசகில்லாமல் பதிந்தவை.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். செங்கல் வேலை செய்கிறவர்களுக்கும் கிளீனிங் வேலை செய்கிறவர்களுக்கும்தான் விரல் இப்படி இருக்கும், அதனால் கேட்டேன் என்றாள். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

எட்டாம் நாள் மெயில் வந்தது. ரேகை தெளிவாக இல்லை, ஏற்க முடியாது. இன்னொரு முறை வந்து பதியலாம். அப்போதும் பதியாவிட்டால் பெயரை வைத்துத் தேடிப் பார்ப்பார்கள், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். டோனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வருத்தப்பட்டாள், ஆனால் ஒளிக்காமல் பேசினாள். இத்தனை குழந்தைக்கு இத்தனை பெரியவர் என்று கணக்கு இருக்கிறது, பதினெட்டாம் தேதி அந்த அறையில் ஆள் இல்லாமல் கதவைத் திறக்க முடியாது, அதுவரைக்கும் உன் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்றாள். என் கையில் முப்பத்தெட்டு நாள் இருந்தது.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஏதாவது தெளிவாக இல்லை என்றால், தேய்ப்போம். அண்டா, அடுப்பு, குளியலறைத் தரை, பிள்ளைகளின் முழங்கை, எதுவானாலும் தேய்ப்புதான் மருந்து. செத்த தோல் படிந்து கோடுகளை மூடியிருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன். எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டு காலையில் ஒரு தேய்ப்பு. குதிகால் தேய்க்க வைத்திருந்த நுரைக்கல்லால் மத்தியானம் ஒரு தேய்ப்பு. என் பிறந்தநாளுக்கு அஸ்ஃபியா வயதைக் குறைக்கிற சீரம் என்று ஒரு டப்பா அனுப்பியிருந்தாள். பழைய தோலை உரித்துப் புதுத் தோலைக் கொண்டுவரும் ஆசிட் என்று அதில் போட்டிருந்தது. முகத்துக்கு நல்லதென்றால் விரலுக்குக் கெடுதலா என்று பத்து விரலிலும் தடவினேன்.

ஆறு நாள் இந்த வைத்தியம் நடந்தது. ஏழாம் நாள் விடியற்காலை சுபுஹு தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்யக் குழாயைத் திறந்தேன், தண்ணீர் பட்டதும் உச்சந்தலை வரை எரிந்தது. விரல் நுனியெல்லாம் சிவந்து, வழவழவென்று பளபளத்தது. இரண்டு விரலில் வெடிப்பு விட்டிருந்தது. ஃபோனைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தேன், திறக்கவில்லை. நாலு தடவை வைத்தும் திறக்கவில்லை. என் சொந்த ஃபோனுக்கே நான் யாரென்று தெரியவில்லை. எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

மீனாக்ஷி எங்கள் தெருவிலேயே மூன்றாம் வீடு. சென்னைக்காரி, ஃபார்மசிஸ்ட், என் வயதுதான். வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேரும் ஏரியைச் சுற்றி நடப்போம். அன்றைக்கு நான் கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, பிடித்து இழுத்துப் பார்த்தாள். நடுரோட்டில் நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். நுரைக்கல் வரைக்கும் பொறுமையாகக் கேட்டவள், ஆசிட் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நிஷா, பரோட்டாவுக்கு மாவு பிசைஞ்சு மூடாம வெச்சா என்ன ஆகும்?"

"மேல காஞ்சு வெடிக்கும்."

"அந்தக் காஞ்ச மாவைத் தேய்ச்சுக் கழுவினா சரியாயிடுமா?"

அவள் நடந்துகொண்டே விளக்கினாள். தோலுக்கு மேல் மெல்லிசாக ஒரு அடுக்கு உண்டாம். அதற்கென்று சொந்தமாகக் கொழுப்பு இருக்கிறதாம். உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது, வெளியே இருக்கிற அழுக்கை உள்ளே விடாது, தோலுக்கு அதுதான் காவல். சின்ன வயதில் அதை எவ்வளவு கழுவினாலும் சீக்கிரம் ஊறிவிடும். ஐம்பது தாண்டி, மாதவிலக்கும் நின்றபிறகு, ஊறுவது குறைந்துவிடும். ஊறுகிற கொஞ்சத்தையும் சுடுதண்ணீரும் சோப்பும் ஸ்டீல் நாரும் தினம் நாலு வேளை வழித்து எடுத்துக்கொண்டிருந்தால், பாவம், அது என்ன செய்யும்?

"அப்ப கோடு எல்லாம் போயிடுச்சா மீனா?"

"போகல. கோடு உள்ளேர்ந்து வருது, அதை யாரும் அழிக்க முடியாது. நீ கையை விட்டா அது திரும்பி வரும். மூணு வாரம். ஆனா நிஜமாவே விடணும்."

மூன்று வாரம் கழித்து ஆகஸ்ட் ஏழாம் தேதிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டேன். மீனாக்ஷி சொன்னதெல்லாம் சாதாரண விஷயம்தான். எலுமிச்சை, நுரைக்கல், ஆசிட் மூன்றும் வெளியே. சுடுதண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். வாசனை இல்லாத கெட்டியான க்ரீம் ஒன்றைக் கடையில் காட்டினாள். கையில் தண்ணீர் பட்டால் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் அதைத் தடவ வேண்டும். படுக்கும்போது மேலே பெட்ரோலியம் ஜெல்லி, பருத்திக் கையுறை. பாத்திரம், பினாயில், ப்ளீச் எதையும் தொடக்கூடாது. விலை கூடிய சீரம் ஏதாவது வாங்கவா என்று கேட்டேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உனக்கு மருந்து, அதுதான் உனக்கு வராது என்றாள்.

வராதா? பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஜெல்லி கனமாகப் பூசியிருந்தால் ஒளுவின்போது தண்ணீர் தோலில் படாது, அதனால் அதை ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். சுபுஹுக்கு எழுந்ததும் மென்மையான வாஷ் போட்டு அதை எடுத்துவிடுவேன். மற்றபடி ஐந்து வேளையும் ஒளு, ஐந்து வேளையும் ஒற்றி எடுத்துவிட்டு க்ரீம். எந்த டாக்டரும் இதைவிட ஒழுங்கான டைம்டேபிள் எழுதித் தர முடியாது. அஸ்ஃபியாவுக்கு ஃபோன் போட்டு உன் ஆசிட்டை நிறுத்திவிட்டேன் என்றேன். விரலுக்கா போட்டாய் என்று இங்கிலீஷில் அவள் கேட்ட தொனியில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இருபத்து நாலு வயதில் வயதைக் குறைக்கிற சீரம் உனக்கு எதற்கு, நீயும் தூக்கிப் போடு என்று பதிலுக்கு நானும் ஒன்று சொல்லிவைத்தேன்.

மிச்சமிருந்தது பாத்திரம். எங்கள் வீட்டில் டிஷ்வாஷர் இருக்கிறது. பதினோரு வருஷமாக இருக்கிறது. ஒருநாள்கூட ஓடியதில்லை. கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற அலமாரியாகத்தான் அது எங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த பாதித் தமிழ் வீடுகளில் அதன் கதி இதுதான், அதனால் என்னை மட்டும் யாரும் சிரிக்க வேண்டாம். முதல்முறையாக ஓட்டினோம். அரை மணியில் சமையலறை முழுக்கத் தண்ணீர். உபயோகிக்காமலே கிடந்து கதவின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ஆள் வந்து பார்க்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். இவர் மாப்பால் தண்ணீரை ஒற்றிக்கொண்டே, அதுவரைக்கும் நான் கழுவுகிறேன், என்ன பெரிய விஷயம் என்றார்.

நான் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் விசிலடித்துக்கொண்டே கழுவினார். குழம்பு வைத்த ஆணத்துச் சட்டியில் ஓரத்து எண்ணெய் அப்படியே இருந்தது. என் கை துறுதுறுத்தது, எழுந்து போகவில்லை. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொள்ளச் சொன்னேன், வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். மூன்றாம் நாள் விசில் நின்றது. ஆறாம் நாள் சாப்பாடு ஆனதும் என் எதிரில் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார். விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது.

"கை எரியுது நிஷா. இந்த சோப்புல என்னமோ இருக்கு."

"அதே சோப்புதான் மச்சான். இருபத்தஞ்சு வருஷமா அதே சோப்புதான்."

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த என் கையைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கையை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் பாக்கல?"

கோபத்தில்தான் கேட்டேன். எனக்கு அதற்குமேல் கேட்க மனசு வரவில்லை. க்ரீம் டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். ஒற்றி எடுத்துவிட்டுப் பூச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் அவரே அளவு பார்த்து ரப்பரை ஆர்டர் பண்ணி, லீவு நாளில் தரையில் படுத்துக்கொண்டு மாட்டினார். அன்றைக்கு டிஷ்வாஷர் ஓடி முடிந்ததும் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

இரண்டாம் வாரம் எரிச்சல் போனது. வெடிப்பு மூடியது. மூன்றாம் வாரம் ஒரு காலை, ஃபோனை எடுத்தேன், கட்டைவிரல் பட்டதும் திறந்துகொண்டது. வேண்டுமென்றே மூடி மூடி ஏழெட்டுத் தடவை திறந்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் விரலைச் சாய்த்தால் கோடுகள் மெலிசாகத் தெரிந்தன. சுண்டுவிரலில் மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஏழாம் தேதி இவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலை எனக்கு, விரல் என்னுடையது, நானே போய்க்கொள்கிறேன். அதே கண்ணாடிப் பெண்மணிதான் இருந்தாள். என்னை ஞாபகம் இல்லை, என் ஃபைலைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. வலது கை நாலு விரலையும் சேர்த்து அழுத்தினாள். திரையில் பச்சை. இடது கையில் மூன்று பச்சை, சுண்டுவிரல் சிவப்பு. மறுபடி வைத்தாள், மறுபடி சிவப்பு. கையைக் கொஞ்சம் உதறிவிட்டு வையுங்கள் என்றாள். பிஸ்மி சொல்லி வைத்தேன். பச்சை.

திரையில் என் பத்து விரலும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் சுழி சுழியாகக் கோடு. போன தடவை இது நீங்கள்தானா, என்ன செய்தீர்கள் என்று ஆச்சரியமாகக் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை, அதைத்தான் செய்தேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஐந்தாம் நாள் மெயில் வந்தது. எந்தத் தடையும் இல்லை, வேலையில் சேரலாம். அப்போது நான் இந்தியக் கடை வாசலில் காருக்குள் இருந்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் காரில் யாரோ பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, டோனாவுக்கு ஃபோன் பண்ணி வருகிறேன் என்று சொன்னேன்.

பதினெட்டாம் தேதி ஏழு மணிக்கெல்லாம் டேகேரில் இருந்தேன். குழந்தைகள் வர இன்னும் அரை மணி இருந்தது. டோனா என்னை முதலில் அழைத்துப்போனது வாஷ்பேசினுக்கு. மேலே சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. அறைக்குள் நுழைந்தால், சாப்பாடு கொடுக்குமுன், கொடுத்தபின், டயபர் மாற்றியபின், மூக்கு துடைத்தபின், விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தால், ஒவ்வொரு முறையும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், இருபது விநாடி. எட்டுக் குழந்தை இருக்கிற அறைக்கு மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு முப்பதுக்குக் குறையாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. எந்தக் கையைக் காப்பாற்றி இந்த வேலைக்கு வந்தேனோ, அந்தக் கையைத் தேய்க்கத்தான் வேலையே. டோனாவும் சிரித்துக்கொண்டே என்ன என்று கேட்டாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். பாதி கேட்கும்போதே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தன் கையை என் முன்னால் நீட்டினாள். முட்டியெல்லாம் வெடித்து, கோடு கோடாகக் காய்ந்திருந்தது. இங்கே பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன், என் ஃபோன் என் விரலைக் கண்டுகொண்டு ரெண்டு வருஷம் ஆகிறது, வயதாகிறது என்று விட்டுவிட்டேன் என்றாள்.

வேலையில் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் என் முதலாளியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். சோப்பு பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். வாசனை இல்லாததாக மாற்றலாமா என்று கேட்டேன். கழுவுவதைக் குறைக்க வேண்டாம், குழந்தைகள் விஷயம், ஆனால் பேப்பர் டவலால் தேய்க்காமல் ஒற்றுங்கள், குழந்தைக்கு எட்டாத அலமாரியில் க்ரீம் வையுங்கள், ஈரத்தோடு பூசுங்கள் என்றேன். அவள் கையைப் பிடித்து நானே பூசிக் காட்டினேன். அவள் மறுப்புச் சொல்லாமல் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பூசிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு மேஜையில் வைத்து நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று இவரை அவ்வளவு கோபமாகக் கேட்டேனே. இருபத்தைந்து வருஷம் அந்தக் கை என்னோடேதான் இருந்தது. சட்டியில் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன், கையை நானும்தான் பார்க்கவில்லை.

வாசலில் முதல் கார் வந்து நின்றது. கையைக் கழுவினேன், ஒற்றினேன், பூசினேன், கதவைத் திறக்கப் போனேன்.